அறுபது நாளில் அழியும் வரி

ஜூன் 12, புதன்
காலை 148/94.

டாக்டர் சொன்னபடி இன்று முதல் பிரஷரைக் குறித்து வைக்கிறேன். வெறும் நம்பர் மட்டும் போதாதாம். அன்றைக்கு என்ன நடந்தது என்று கூடவே இரண்டு வரி எழுத வேண்டுமாம். எது ஏற்றுகிறது, எது இறக்குகிறது என்று அப்போதுதான் பிடிபடுமாம். நாள் முழுக்கக் கம்ப்யூட்டரின் லாக், அதாவது பதிவேடு, பார்க்கிறவனுக்கே ஒரு லாக். மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. முதல் பக்கத்தில் கேட்டிருந்ததால் நிரப்பினேன்: ஆவுடையப்பன், வயது 44, கணினிப் பிரிவு அலுவலர். பிரிவில் மொத்தமே நான் ஒருவன்தான் என்பதை எழுத அதில் கட்டம் இல்லை.

இன்று நடந்தது: புறநோயாளிப் பிரிவில் டோக்கன் போர்டு 47-லேயே நின்றுவிட்டது. நாற்பத்தேழாம் நம்பர்க்காரர் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார். 48 தன் முறை வரவில்லை என்று சண்டைக்கு வந்தார். அதைச் சரி செய்துகொண்டிருக்கும்போது லேப் லேபிள் பிரிண்டர் பேப்பரை மென்றது. அதே நேரத்தில் போன். பெண்கள் வார்டு லீமா ரோஸ் சிஸ்டர் லீவில் வீட்டிலிருந்து பேசினார். பாஸ்வேர்டு மறந்துவிட்டதாம், டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றை உடனே பார்க்கச் சொல்லி டாக்டர் திட்டுகிறாராம். ஒரு கையில் லேபிள் ரோல், தோளில் போன். புது பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்து, வெளியிலிருந்து பார்க்கவும் வழி திறந்து விட்டேன். நல்ல மரியாதையான பேச்சு. "ரொம்ப நன்றி சார்" என்று மூன்று தடவை சொன்னார். இந்த ஆஸ்பத்திரியில் எனக்கு யாரும் ஒரு தடவை கூடச் சொன்னதில்லை.

ஜூன் 14, வெள்ளி
146/92. விசேஷம் ஒன்றும் இல்லை.

ஜூன் 20, வியாழன்
150/94.

ஆகஸ்டில் தரச்சான்று ஆய்வுக்கு வருகிறார்கள். நிர்வாக அலுவலர் தனசிங் சார் எல்லாப் பிரிவுக்கும் சுற்றறிக்கை கேட்டார். என் பங்குக்கு எழுதினேன். ஒவ்வொருவரும் தன் ஐடியை மட்டுமே பயன்படுத்த வேண்டும், பிறருக்குக் கொடுத்தால் பணிநீக்கம். போன் மூலம் பாஸ்வேர்டு மாற்றித் தரப்படாது. தமிழ் நன்றாக அமைந்திருக்கிறது என்று தனசிங் சார் பாராட்டினார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

வேலை என்ன என்று என் மனைவி வடிவு கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறாகச் சொல்லி மாட்டிக்கொள்கிறேன். சரியாகச் சொன்னால் இவ்வளவுதான். யார் எப்போது எங்கிருந்து உள்ளே வந்தார், எந்த நோயாளியின் கோப்பைத் திறந்தார் என்று ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டர் லாக்கில் ஒரு வரி விழும். ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் வரி. அதில் ஒவ்வாத வரி இருந்தால் நான் கண்டுபிடிக்க வேண்டும். டிஸ்க் சிறியது. அறுபது நாள் ஆனதும் பழைய வரி தானாக அழிந்து புது வரிக்கு இடம் விடும். பெரிய டிஸ்க் கேட்டு இரண்டு தடவை எழுதினேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள், இரண்டு தடவையும்.

ஜூன் 27, வியாழன்
150/96. லீமா ரோஸ் சிஸ்டர் கணக்கில் வெளியிலிருந்து நான்கு முறை நுழைந்திருப்பதாக ஓர் எச்சரிக்கை. பார்க்க வேண்டும்.

ஜூலை 1, திங்கள்
149/94.

எச்சரிக்கைகள் ஒரு நாளைக்கு முந்நூறு வருகின்றன. ஒரே ஐடியில் பத்துப் பேர் எழுதினால் மெஷின் பாவம் கத்தத்தான் செய்யும். எல்லாவற்றையும் தனிப் பெட்டிக்குப் போகச் செய்துவிட்டேன். திரை சுத்தமாக இருக்கிறது. அந்தப் பெட்டியை வெள்ளிக்கிழமை தோறும் திறந்து பார்ப்பதாகத் திட்டம்.

ஜூலை 5, வெள்ளி
பெட்டியைத் திறக்க நேரமில்லை. கைரேகை மெஷின் ரிப்பேர்.

ஜூலை 8, திங்கள்
156/98.

தனசிங் சார் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே வயதான ஒருவர் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் பள்ளிக்கூட டீச்சர், இருபத்தைந்து வயது. இரண்டு வருஷம் முன்பு வலிப்புக்கு இங்கே வைத்தியம் பார்த்திருக்கிறாள். அதன் பிறகு ஒரு தடவை கூட வரவில்லை. நாளை மறுநாள் நிச்சயதார்த்தம். நேற்று மாப்பிள்ளை வீட்டார் அவளுடைய ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அவருக்கே அனுப்பி, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரித் திரைதான். மேலே பேர், வயது, மருந்து எல்லாம் தெளிவாக இருந்தது.

"நாங்களே சொல்லணும்னுதான் இருந்தோம் சார். நிச்சயத்துக்கு முந்தி நானே மாப்பிள்ளையத் தனியாக் கூட்டிட்டுப் போயிச் சொல்லுதேன்னு எம்பிள்ள சொல்லிச்சி. அதுக்குள்ள நீங்க சொல்லிட்டிய."

கத்தியிருந்தால் தேவலை. அவர் கத்தவில்லை. "யாருன்னு மட்டும் சொல்லுங்க, நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்றார். தனசிங் சார் என்னைப் பார்த்தார். இரண்டு நாளில் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்
164/100.

கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் கூட ஆகவில்லை. அந்தப் பெண்ணின் கோப்பு லாக்கில் இருக்கிற அறுபது நாளில் ஒரே ஒரு தடவைதான் திறக்கப்பட்டிருக்கிறது. ஜூலை 3, காலை 10.22. லீமா ரோஸ் கணக்கு. வெளியிலிருந்து.

அந்தக் கணக்கைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். அதுவரை ஒரு வரி கூட இல்லாமல் சும்மா கிடந்த கணக்கு. ஜூன் 12-இல் திடீரென்று உயிர் வந்திருக்கிறது. 11.40-க்கு பாஸ்வேர்டு மாற்றம், வெளி நுழைவு அனுமதி. செய்தவர்: நிர்வாகி-2. பன்னிரண்டு நிமிஷத்தில் முதல் நுழைவு. அதிலிருந்து இன்று வரை பதினெட்டு.

நிர்வாகி-1 என்பது மென்பொருள் கொடுத்த சென்னைக் கம்பெனி. நிர்வாகி-2 என்பது கணினிப் பிரிவு.

ஜூன் 12 வருகையையும் பார்த்தேன். லீமா ரோஸ் சிஸ்டர் அன்று லீவில் இல்லை. காலை 7.52-க்கு விரல் வைத்திருக்கிறார். மதியம் 2.10-க்குத்தான் வெளியே போயிருக்கிறார்.

கைரேகை மெஷின் அடிக்கடி தகராறு செய்கிற மெஷின். ஈரக் கையோடு வைத்தால் ஒருவர் ரேகையை இன்னொருவருடையது என்று எடுத்துக்கொள்ளும்.

லேபிள் ரோல் தீர்ந்துவிட்டது. சொல்ல வேண்டும்.

ஜூலை 10, புதன்
162/100.

லீமா ரோஸ் சிஸ்டரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நானும் இருந்தேன். பெயர் தெரியும், ஆளைக் கவனித்ததில்லை. நாற்பத்தாறு வயது, ஒல்லி, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார். இங்கே பத்தொன்பது வருஷம். வாயைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டைக் குரல். போனில் கேட்டது இந்தக் குரல் இல்லை.

"எம் பாஸ்வேர்டு என்னன்னே எனக்குத் தெரியாது சார்," என்றார். "போன வருசம் சீட்டுல எழுதிக் குடுத்தாவ. அத எங்க வச்சேன்னுகூட ஞாவகம் இல்ல."

"அப்ப எப்படி வேலை பாக்கிறீங்க?" என்றார் தனசிங் சார்.

"காலைல பெரிய சிஸ்டர் அவங்க ஐடிய போட்டுத் தொறந்து வச்சிருவாவ. அடுப்பு பத்த வைக்கதுன்னு நாங்க சொல்லுவோம். ராத்திரி வரைக்கும் அதுலதான் எல்லாரும் எழுதுவோம். ஒவ்வொருத்தரும் தனித்தனியாத் தொறந்தா நாலு நிமிசம் சுத்திக்கிட்டே கிடக்கும் சார். அதுக்குள்ள அங்க ஒரு ட்ரிப்ஸ் பாட்டில் முடிஞ்சிரும்."

"தெரியாத பாஸ்வேர்ட வச்சு உங்க ஐடில யாரு உள்ள போனது? பேயா?"

அவர் என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான்தானே, சொல்லுங்கள் என்கிற பார்வை. நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

விசாரணை முடியும் வரை தற்காலிக நீக்கம். அவர் கணக்கை முடக்கச் சொன்னார்கள். முடக்கினேன்.

ஜூலை 12, வெள்ளி
160/98.

வார்டு சிஸ்டர்கள் ஒன்பது பேரையும் ஒவ்வொருவராக விசாரித்தார்கள். அடுப்பு பற்ற வைப்பதா, அப்படி ஒன்றும் கிடையாது, அவரவர் ஐடியில்தான் எழுதுகிறோம் என்று ஒன்பது பேரும் சொன்னார்கள். பெரிய சிஸ்டர் ஞானதீபம் பைபிள் மேல் கை வைக்காத குறையாகச் சொன்னார். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஐடியைக் கொடுத்தால் பணிநீக்கம் என்று சுவரில் என் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறது. தமிழ் நன்றாக அமைந்தது.

அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதற்கு லாக் முழுக்கச் சாட்சி. பெரிய சிஸ்டர் கணக்கு ஒரே நாளில் பதினான்கு மணி நேரம் திறந்திருக்கிறது. இதை நான் சொன்னால் வார்டே காலியாகும் என்பதால் சொல்லவில்லை. இதற்காவது நியாயமான காரணம் இருக்கிறது.

ஜூலை 15, திங்கள்
168/102. மாத்திரை அளவைக் கூட்டினார்கள்.

சனி ஞாயிறு முழுக்க யோசித்துவிட்டு இன்று தனசிங் சாரிடம் போனேன். சொல்லிவிட வேண்டியதுதான் என்று போனேன்.

"சார், அந்த நுழைவெல்லாம் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்ல இருந்து நடக்கல. வெளியில இருந்து நடந்திருக்கு."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வெளியில இருந்துன்னா? வீட்டுல இருந்தா?"

"எங்க இருந்துன்னு சொல்ல முடியாது சார். ஆனா ஜூலை மூணு அவங்க டூட்டில இருந்திருக்காங்க. அதனால அவங்களா இருக்க..."

"அவ புருசன் ஆட்டோ ஓட்டுனவன். கால்ல அடிபட்டு எட்டு மாசமா வீட்டுலதான் கிடக்கான். கைல போன வச்சுக்கிட்டு." மேஜையை விரலால் தட்டினார். "அதான பாத்தேன். இவ பாஸ்வேர்ட குடுத்திருக்கா, அவன் வீட்டுல உக்காந்துக்கிட்டு பாத்திருக்கான். நல்ல வேலை பண்ணீங்க ஆவுடையப்பன். இது இல்லாமத்தான் கேஸ் தொங்கிக்கிட்டு இருந்துச்சு."

பாதி உண்மையைச் சொல்லப் போய் முழுப் பொய்க்குச் சாவி எடுத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த பாதியைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "வெளியில இருந்து வர்றதுக்கு அனுமதி வேணும்லா? அது யாரு குடுத்தது?" என்றார்.

"பழைய அனுமதியா இருக்கலாம் சார். பாக்கணும்" என்றேன்.

"பாக்க வேண்டாம். ரிப்போர்ட்ட சுருக்கமா முடிங்க. எவனோ வெளியாள் உள்ள வந்தான்னு எழுதினா, ஆய்வுக்கு வர்றவன் ஆஸ்பத்திரிக்கே பூட்டு போட்டுருவான். ஒரு ஆள் பண்ணின தப்பு ஒரு ஆளோட போகட்டும்."

மூன்று பத்தி எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் என்று ஒரு சொல் கூடக் கிடையாது. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன்.

ஜூலை 17, புதன்
158/98. ஆடி பிறந்தது. வடிவு தேங்காய்ப்பால் பாயசம் வைத்தாள். எனக்கு சர்க்கரை கம்மியாக.

ஜூலை 24, புதன்
160/100.

இனி பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இருந்தும் அந்தப் பதினெட்டு நுழைவையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். திறந்த கோப்புகள் முப்பத்தொன்று. ஒருவர் கூட முப்பது வயதைத் தாண்டவில்லை. ஒருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண்கள் இருபத்திரண்டு, ஆண்கள் ஒன்பது. தேதிகளைப் பார்த்தபோது முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. அதைப் புரட்டினேன். ஒவ்வொரு சுப முகூர்த்தத்துக்கும் மூன்று நான்கு நாள் முன்பு நுழைவு கூடுகிறது. முகூர்த்தம் இல்லாத வாரத்தில் இல்லை. கணக்கை முடக்கிய பிறகும் இரண்டு முறை தட்டிப் பார்த்திருக்கிறார்கள், ஜூலை 11-இலும் 13-இலும். ஆடி பிறந்ததும் அதுவும் நின்றுவிட்டது.

யாரோ வரன் விசாரிக்கிறார்கள். பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் எங்கள் ஆஸ்பத்திரிக் கோப்பை எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆடியில் கல்யாணப் பேச்சு இல்லை, அதனால் அவர்களுக்கும் லீவு.

இருபது வருஷத்தில் இதைப் போல ஒன்றைக் கண்டுபிடித்ததில்லை. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக் கூட இருந்தது. பிறகு யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 28, ஞாயிறு
166/102.

வடிவு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ஆவணியில் முடித்துவிட வேண்டுமாம்.

"என்னங்க, வரன் விசாரிச்சுச் சொல்ல ஒரு ஆள் இருக்காராம். அண்ணன் அவர்ட்டதான் குடுத்திருக்காவ. மாப்பிள்ளைக்கு வேலை நெசமா, சீக்கு ஏதும் உண்டா, எல்லாம் எடுத்துருவாராம். ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும்."

"ஆஸ்பத்திரிச் சீட்டு எப்படிக் கிடைக்கும்?"

"அவர்ட்ட ஒரு பொம்பள இருக்காளாம். போன்ல பேசுனா நர்ஸம்மா பேசுத மாரியே இருக்குமாம். தன்மையாப் பேசி வாங்கிருவாளாம். எந்த ஏமாந்த சோணகிரி எடுத்துக் குடுக்கானோன்னு மதினி விழுந்து விழுந்து சிரிக்கா."

வடிவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த ஆளின் பெயரையும் நம்பரையும் கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்கவில்லை. வாங்கி வைத்தால் அதை வைத்து ஏதாவது செய்ய வேண்டி வரும்.

ஜூலை 30, செவ்வாய்
170/104. தனசிங் சார் அறை வாசல் வரை போனேன். ஆய்வுக் கோப்புகளோடு உள்ளே ஐந்து பேர். திரும்பி வந்துவிட்டேன். அவர் தனியாக இருந்திருந்தாலும் திரும்பித்தான் வந்திருப்பேன்.

ஆகஸ்ட் 3, சனி
ஆடிப்பெருக்கு. சித்ரான்னம். மெஷினை எடுக்க மனமில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்
168/102.

ஜூன் 12-இல் விழுந்த அந்த ஒரு வரிதான் லீமா ரோஸ் சிஸ்டருக்குச் சாட்சி. பாஸ்வேர்டை அவர் மாற்றவில்லை, இங்கே உட்கார்ந்து மாற்றியிருக்கிறார்கள், அந்த நேரத்தில் அவர் வார்டில் இருந்தார். அதையும் விரல் பதிவையும் சேர்த்துக் காட்டினால் முடிந்தது. ஆனால் அந்த வரி வருகிற 11-ஆம் தேதி தானாக அழியும். அதற்குள் பிரதி எடுத்து வைத்துவிட்டால் என்றைக்காவது தைரியம் வரும்போது கொடுக்கலாம்.

பென்டிரைவ் கொண்டு போனேன். அதில் முழுக்க வடிவின் சமையல் வீடியோக்கள். இடமில்லை. அழித்தால் கோபிப்பாள்.

இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு வரிக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

ஆகஸ்ட் 8, வியாழன்
172/104.

மதியம் கேன்டீன் பக்கம் லீமா ரோஸ் சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். விளக்கக் கடிதம் கொடுக்க வந்தவர். யூனிஃபார்ம் இல்லாமல் நீலச் சேலையில் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. வார்டு சிஸ்டர்கள் இரண்டு பேர் தட்டோடு வந்தவர்கள் அவரைப் பார்த்ததும் வேறு மேஜைக்குப் போனார்கள். அவர்தான் என்னிடம் வந்து பேசினார்.

"சார், நீங்க வெளிய இருந்து யாரோ வந்ததாச் சொன்னியளாம்லா. கிளார்க் சொன்னாவ. எனக்காக நீங்க ஒருத்தராவது வாயத் தொறந்தியளே."

நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேலை போனாக்கூடப் போகட்டும் சார். நர்சிங் கவுன்சிலுக்கு எழுதப் போறாவளாம். பதிவ ரத்து பண்ணிட்டா எந்த ஆஸ்பத்திரிலயும் என்னச் சேக்க மாட்டாவ. இருபது வயசுல இருந்து இதான். வேற என்ன தெரியும் எனக்கு? வீட்டுக்காரர வேற இதுல இழுத்துட்டாவ. அவர் பட்டன் போன் வச்சிருக்காரு சார். அதுல பேச மட்டுந்தான் முடியும்."

"சார்ட்ட சொன்னீங்களா இதை?"

"சொன்னேன். போன மாத்தியிருப்பியேன்னு சொல்லுதாவ."

நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன். என்ன பார்க்கப் போகிறேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் என்னைச் சந்தேகப்பட்டு இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது. இதுவும் நானே எனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானம்தான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி
ஆய்வுக் குழு. வெள்ளைச் சட்டையில் நான்கு பேர். என் பிரிவுக்கு ஏழு நிமிஷம். லாக் தினமும் பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள். பார்க்கிறேன் என்றேன். மிக நன்று என்று எழுதிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 10, சனி
174/106.

ஐந்தரை மணி வரை அந்த வரி திரையில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அச்சடிக்க ஒரு பொத்தான். என் பிரிண்டர் ஒன்றுதான் இந்த ஆஸ்பத்திரியில் தகராறு செய்யாத பிரிண்டர். பேப்பரும் இருந்தது. மையும் இருந்தது.

நான் போய்விட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். சுற்றறிக்கை எழுதியவனே எட்டு நாள் முன்பு அதைச் செய்தவன் என்றால் எந்த ஊரிலும் இந்த வேலை கிடைக்காது. லீமா ரோஸ் சிஸ்டர் நிலைமையும் அதேதான். இரண்டு பேரில் ஒருவர் என்று ஆனபோது, நான் என்னை எடுத்துக்கொண்டேன். அழகாகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்
152/96.

வந்ததும் பார்த்தேன். லாக் ஜூன் 13-இல் தொடங்குகிறது. அந்த வரி இல்லை.

பிரஷர் இறங்கியிருக்கிறது. நிம்மதியாக இருக்கிறது, அதுதான் உண்மை. அந்த நிம்மதியை நினைத்தால் எனக்கே என் மேல் அருவருப்பாக வருகிறது. இருந்தாலும் மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி
150/94.

ஆணை வந்துவிட்டது. லீமா ரோஸ் பணிநீக்கம். கவுன்சிலுக்குப் புகார் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்றும் கிடைத்துவிட்டது, எல்லாருக்கும் லட்டு. அந்தக் கண்டக்டருக்கும் தகவல் சொல்லி அனுப்பினார்களாம். யாரென்று மட்டும் சொன்னால் போதும் என்று கேட்டாரே, அவரிடம் ஒரு பேரைச் சொல்லிவிட்டார்கள். அவர் மகளைப் பெண் கேட்டு வேறு யாரும் வரவில்லை என்று கிளார்க் சொன்னார்.

ஆகஸ்ட் 21, புதன்
காலையில் மெஷினை எடுக்கவில்லை.

பதினொரு மணிக்கு லீமா ரோஸ் சிஸ்டர் பாக்கி இல்லை என்பதற்கான படிவத்தோடு வந்தார். ஸ்டோர், லைப்ரரி, கேன்டீன் எல்லாக் கையெழுத்தும் முடிந்து கடைசியாக கணினிப் பிரிவு. ஊழியர் கணக்கு நீக்கப்பட்டது என்று நான் எழுத வேண்டும், தெரியும் என்று அவர் கையெழுத்திட வேண்டும். எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். நோயாளியின் சார்ட்டைப் பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் படித்திருப்பார்.

என் திரை என் பக்கம் திரும்பியிருந்தது. ஆவணி பிறந்து ஐந்து நாள் ஆகிறது. நாளை மறுநாள் முகூர்த்தம்.

11.07-க்கு ஒரு வரி விழுந்தது. லீமா ரோஸ் கணக்கு. வெளியிலிருந்து. அனுமதி மறுக்கப்பட்டது, கணக்கு முடக்கத்தில் உள்ளது.

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். லீமா ரோஸ் எனக்கு இரண்டடி தூரத்தில் படிவத்தைப் படித்துக்கொண்டிருந்தார். கையில் பேனாவைத் தவிர ஒன்றுமில்லை.

11.08-க்கு இன்னொன்று.

இனி ஜூன் 12 தேவையில்லை. திரையை அவர் பக்கம் திருப்பினால் போதும். தனசிங் சாரைக் கூப்பிட்டு, இந்த அம்மாள் இங்கே உட்கார்ந்திருக்கிறார், இவர் பெயரில் வெளியே யாரோ கதவைத் தட்டுகிறார்கள், பாருங்கள் என்று சொன்னால் போதும். என் பெயர் கூட உடனே வந்துவிடாது. கடவுளாகப் பார்த்து இரண்டாம் தடவை கொண்டுவந்து கையில் கொடுத்தது போல இருந்தது. ஆனால் அந்த வரியைக் காட்டினால் அடுத்த கேள்வி ஒன்றுதான். இதை ஜூலையிலேயே ஏன் சொல்லவில்லை? முதல் நாள் சொல்லியிருந்தால் அது ஒரு தவறோடு போயிருக்கும். இப்போது இந்த டைரி பூராவுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

"இங்கயா சார் கையெழுத்து?" என்றார்.

"ஆமா சிஸ்டர். கீழ. பேருக்கு நேரா."

போட்டுவிட்டு, "வேற எங்கயாவது வேலைக்குக் கேட்டு, உங்கட்ட விசாரிச்சா, ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுவியளா சார்?" என்று கேட்டார்.

"சொல்லுவேன்."

"அது போதும் சார்."

படிவத்தை அவரே இரண்டாக மடித்தார். நான் அவருடைய கணக்கை எடுத்தேன். ஜூலையில் முடக்கி மட்டும்தான் வைத்திருந்தேன். இப்போது படிவத்தில் எழுதியபடி நீக்க வேண்டும். உறுதியா என்று மெஷின் ஒரு தடவை கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். அவர் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார். கதவு தானாகச் சாத்தும் கதவு, மெதுவாகத்தான் சாத்தியது.

11.12-க்கு வெளியிலிருந்து மறுபடி தட்டினார்கள். இந்தத் தடவை லாக்கில் லீமா ரோஸ் என்ற பெயர் வரவில்லை. அறியாத பயனர் என்று வந்தது. அறியாத பயனர்களின் எச்சரிக்கை திரைக்கு வராது. தனிப் பெட்டிக்குப் போய்விடும்.